ஊர்ப் புறம்போக்கில் புலிகுத்திக்கல்: கிராம சபையில் தீர்மானம் போடுவது எப்படி?

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவுல ஒரு சின்ன ஊருங்க. இட்டேரி (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற தடம்) ஓரமா, புறம்போக்கு நிலத்துல ஒரு புலிகுத்திக்கல் நிக்குது, புலியோட சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லுங்க. மண்ணுக்கு மேல மூணரை அடி உயரம், ரெண்டடி அகலம். வீரன் வலது கை ஈட்டியைப் புலி வாய்க்குள்ள இறக்கறான், இடது கையில குறுவாள். கொண்டை இடப்பக்கமா சரிஞ்சிருக்குது. கால்மாட்டுல ரெண்டு வரி எழுத்து தெரியுது, அதுக்குக் கீழ மண்ணு மூடிருச்சு. ஊர்ல வேட்டைக்காரசாமின்னு கும்பிடறாங்க, வருசத்துக்கு ஒருக்காப் பொங்கல் வெப்பாங்க.

இப்ப அதே இடத்துல சமுதாயக்கூடம் கட்டறதுக்கு அளந்துட்டுப் போயிருக்காங்க. கல்லை “ஓரமா நவுத்தி வெச்சுக்கலாம்”னு பேச்சு. இன்னொரு பக்கம், ரெண்டு சமூகத்துக்காரங்க இது எங்க முன்னோர் கல்லுன்னு சொல்றாங்க. ஒரு தரப்பு மேடை கட்டி டைல்ஸ் போட்டுச் சங்கத்துப் பேர்ல பலகை வெக்கணும்கறாங்க. இன்னொரு தரப்பு அதை விடமாட்டோம்கறாங்க. ரெண்டு பக்கமும் வெவ்வேற கட்சி ஆளுங்க நிக்கறாங்க.

அடுத்த கிராம சபைக்கு அஞ்சு வாரம் இருக்குது. கேக்க வேண்டியது இதுதான்: சபையில தீர்மானம் போட்டா அதுக்கு என்ன பலம்? வாசகம் எப்படி இருக்கணும், யாருக்கு அனுப்பணும்? யாரோட கல்லுங்கற வழக்கைச் சபையில எப்படி எடுக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மைப்படி:

தீர்மானத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்குங்க. கல் இன்றைக்கு இருக்கிற நிலையை ஐயத்துக்கு இடமில்லாமல் பதிந்து வையுங்கள். பதிவு இல்லாத கல்லை ஒரே ராத்திரியில் பெயர்த்துப் போட்டால் “அங்கே என்ன இருந்தது” என்று கேட்கக் கூட ஆதாரம் இருக்காது.

முதலில் அளவு: உயரம், அகலம், கனம் மூன்றும் சென்டிமீட்டரில். கல்லின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கைப்பேசித் திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். இருப்பிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் ஐந்து தசம இலக்கம் வரை குறித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம் கிடைக்கும். இப்போது மண் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டம் தெரியப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். இது முக்கியம். கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் சிமென்ட் போட்டு நடும்போது, பழையபடி எவ்வளவு புதைந்திருந்தது என்று தெரியாமல் எழுத்தின் கடைசி வரிகளைக் காங்கிரீட்டுக்குள் விட்டுவிடுவார்கள். கொங்கில் நடுகல் எழுத்துகள் பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

எழுத்தைப் படம் எடுக்க நேர் வெளிச்சம் ஆகாது. உச்சி வெயிலிலும் ஃபிளாஷ் அடித்தாலும் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். பொழுது சாய்ந்த பிறகு ஒருவர் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லை உரசுகிற மாதிரி பிடிக்க, இன்னொருவர் நேரெதிரே நின்று எடுக்க வேண்டும். டார்ச்சை இடது, வலது, மேல், கீழ் என்று மாற்றி நான்கு படம். இடதுபுற வெளிச்சத்தில் தெரியாத குறில் நெடில் கொம்பு மேல் வெளிச்சத்தில் தெரியும். பகலில்தான் முடியும் என்றால், கல் நிழலில் இருக்கும் நேரம் பார்த்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடியுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அடி ஸ்கேல் இருக்கட்டும்.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத் தூள் மூன்றும் கூடாது. பாசி பிடித்திருந்தால் சுரண்டாதீர்கள், கல்லின் தோலோடு வரும். எழுத்துக்குள் மைதா மாவோ சாக்பீஸோ தடவி எடுக்கிற பழக்கம் பரவிக் கிடக்கிறது. மாவு உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பது ஒரு கெடுதல். அதைவிடப் பெரிய கெடுதல், தடவுகிறவர் எதை எழுத்து என்று நினைக்கிறாரோ அதைத்தான் படம் காட்டும். பிறகு பார்க்கிறவர் கல்லைப் படிப்பதில்லை, தடவியவரின் ஊகத்தைப் படிக்கிறார்.

மைப்படி எடுப்பது தெரிந்தவர் கையால் நடக்க வேண்டியது. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, தாள் பாதி உலர்ந்த பதத்தில் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றுவார்கள். மேட்டில் கருப்பு ஏறும், எழுத்து வெள்ளையாக நிற்கும். தாள் ஈரமாக இருக்கும்போதே மை ஒற்றினால் கசிந்து எழுத்து மூடிப்போகும், முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். அந்த நடுப்பதம் பழக்கத்தில்தான் வரும். கல் உதிரும் நிலையில் இருந்தால் மைப்படியே வேண்டாம், சாய்வெளிச்சப் படம் போதும்.

கீழ்வரிகளைப் பார்க்கிற ஆசையில் கடப்பாறை போடாதீர்கள். அது அகழாய்வுக் கணக்கில் வரும், அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. மண்ணுக்குள் இருப்பது அங்கேயே பத்திரம்.

தீர்மானப்புத்தகம்:

மைப்படி சொன்னதைச் செய்துவிட்டு நிலத்தின் ஆவணத்துக்கு வாங்க. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண் கொடுத்து அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். அந்தப் புறம்போக்கு என்ன வகை என்று அதில் இருக்கும்: நத்தம், வண்டிப்பாதை, மேய்ச்சல், ஓடை, பாறை. இந்த ஒரு சொல்தான் மீதி எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஓடை என்றோ வேறு நீர்நிலை என்றோ இருந்தால் அங்கே சமுதாயக்கூடமே வரக் கூடாது, கல்லைப் பற்றிய பேச்சுக்கு முன்பே விஷயம் முடிந்தது. வண்டிப்பாதை என்றாலும் கட்டடம் சிக்கல்தான். வேறு வகை என்றால் கல் நிற்கும் இடத்தை விட்டு வரைபடத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். புல வரைபடத்தையும் எடுத்து, கல் நிற்கும் புள்ளியை எல்லைக்கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்து அதில் குறியுங்கள்.

இப்போது சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். திருப்பூருக்குக் குடிபோய் ஓட்டை அங்கே மாற்றிக்கொண்டவர் ஊர்க்காரராகப் பேசலாம், கோரத்தில் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கில்) சேரமாட்டார். ஓட்டு இன்னும் ஊரிலேயே இருக்கிறவர் வந்து கையெழுத்துப் போடலாம். கோரம் மக்கள் தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கோரம் இல்லாத கூட்டத்துத் தீர்மானத்தை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஆகவே ஆள் சேர்ப்பதுதான் முதல் அரசியல். கல்லைப் பற்றிப் பேசுகிற பத்துப் பேர் மட்டும் வந்து பயனில்லை. பொங்கல் வைக்கிற பெண்கள், அந்த இட்டேரியில் ஆடு ஓட்டிப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்காரர்கள் எல்லாரும் வர வேண்டும்.

வருடத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதி சில சமயம் தள்ளிப்போகும், 2024-ல் நவம்பர் கூட்டம் 23-ஆம் தேதி நடந்தது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தாலும் கூட்டம் தள்ளலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டப்பொருள் மேலிருந்து வரும் பட்டியலாக இருக்கும். உங்கள் பொருளைச் சேர்க்கச் சொல்லிக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் ஊராட்சிச் செயலரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கொங்குப் பகுதியின் பல ஊராட்சிகளில் 2025 ஜனவரியோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பு வந்தது. அப்படிப்பட்ட காலத்திலும் கிராம சபை உண்டு, சபையின் தீர்மானமும் உண்டு. தலைவர் இல்லை என்பதைக் காரணமாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பலம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கிராம சபைத் தீர்மானத்தால் ஒரு கல் ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ ஆகிவிடாது. அந்த அறிவிப்பு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி மாநில அரசு செய்ய வேண்டியது: முதல் அறிவிக்கை, ஆட்சேபணைக் காலம், பிறகு இறுதி அறிவிக்கை. தீர்மானம் செய்கிற வேலை வேறு. ஊராட்சி தன் பணியை எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதில் ஊரின் விருப்பத்தை எழுத்தில் நிறுத்துகிறது. அதை மீறிக் கட்டுகிற அதிகாரி, ஏன் மீறினார் என்று பதில் சொல்ல வேண்டிவரும். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் குடைவரையும் உள்ள மலை, 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அதைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் வந்தபோது ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள், டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் அதைச் சாதிக்கவில்லை, மக்கள் தெருவில் நடந்தார்கள். ஆனால் சட்டமன்றம் வரை போன பேச்சுக்கு அந்தத் தீர்மானங்கள்தான் கையில் இருந்த காகிதம்.

வாசகம் இப்படி இருக்கலாம். உங்கள் ஊர் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்:

“இவ்வூராட்சி எல்லையில், புல எண் ___, உட்பிரிவு ___, ___ புறம்போக்கில், வடக்கு எல்லைக்கல்லிலிருந்து ___ மீட்டர் தொலைவில் நிற்கும், புலியோடு பொரும் வீரன் உருவமும் எழுத்துப் பொறிப்பும் கொண்ட நடுகல் (மண்ணுக்கு மேல் ___ செ.மீ. உயரம், ___ செ.மீ. அகலம்) இவ்வூர் மக்கள் அனைவருக்கும் பொதுவானது எனக் கிராம சபை பதிவு செய்கிறது. அதை இப்போது நிற்கும் இடத்திலிருந்து நகர்த்தவோ, வண்ணம் பூசவோ, சிமென்ட், டைல்ஸ் கொண்டு மூடவோ கூடாது. கல்லைச் சுற்றி நான்கு புறமும் 5 மீட்டர் இடத்தை விட்டுச் சமுதாயக்கூடத்தின் வரைபடத்தை மாற்றி அமைக்க வேண்டும். எழுத்தைப் படித்து அறிக்கை தரவும் கல்லைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது குறித்து ஆராயவும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்ள இச்சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது. இணைப்பு: புகைப்படம் 6, புல வரைபட நகல் 1.”

இதில் விடக் கூடாதது புல எண்ணும் அளவும். “ஊரில் உள்ள பழைமையான கல்” என்று மட்டும் எழுதினால், நாளைக்கு வேறு ஒரு கல்லைக் காட்டி “இதைத்தான் பாதுகாத்திருக்கிறோமே” என்று சொல்ல இடமுண்டு. “பாதுகாக்கப் பரிசீலிக்கலாம்” என்ற வாசகத்தை ஏற்காதீர்கள், அது எதையும் கட்டுப்படுத்தாது. இன்னொன்று, கையெழுத்தைத் தனித்தாளில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். வாசகம் புத்தகத்தில் ஏறி, சபையில் உரக்க வாசித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அப்போதே பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள்.

நகல் போக வேண்டிய இடங்கள்: வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், சென்னை எழும்பூரில் தமிழ் வளர்ச்சி வளாகத்தில் உள்ள தொல்லியல் துறை ஆணையர். ஆட்சியருக்குத் தபாலோடு நிறுத்தாமல் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நேரில் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

மேட்டாங்காடு:

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனா சபையில எதிர்ப்பு எங்கிருந்து வரும்னு யாரும் சொல்லலை. சங்கத்துக்காரங்ககிட்ட இருந்து வராதுங்க. பக்கத்துப் பட்டாக்காரங்ககிட்ட இருந்து வரும்.

தொல்லியல் துறைங்கற பேரு காதுல விழுந்தாலே, “நூறு மீட்டருக்கு வீடு கட்ட முடியாது, காட்டை விக்க முடியாது”ன்னு பயம் கிளம்பிரும். அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னா, 1958-ஆம் வருசத்து மத்தியச் சட்டத்துல 2010-ல ஒரு திருத்தம் வந்துச்சு. மத்திய அரசு தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததுன்னு அறிவிச்ச சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடைப் பகுதி, அதுக்கு மேல இன்னொரு 200 மீட்டர் அனுமதி வாங்க வேண்டிய பகுதி. அந்தக் கணக்கு மத்திய அரசு அறிவிச்ச இடங்களுக்கு மட்டுமுங்க. அரசியல் சட்டத்தோட ஏழாவது அட்டவணையே இதைப் பிரிச்சுத்தான் வெச்சிருக்குது: தேசிய முக்கியத்துவம்னு அறிவிச்சது மத்தியப் பட்டியல்ல, மத்த சின்னங்கள் மாநிலப் பட்டியல்ல. நீங்க கேக்கறது ஊராட்சித் தீர்மானமும் மாநிலத் துறையோட பார்வையும். இதனால பக்கத்துக் காட்டுக்காரருக்கு வீடு கட்டத் தடை வராதுன்னு சபையில மொதல் அஞ்சு நிமிசத்துலயே சொல்லீருங்க. பிற்பாடு மாநில அரசு பாதுகாக்கப்பட்ட சின்னம்னு அறிவிக்கப் போனா, ஆட்சேபணை சொல்ல அவங்களுக்கு நாள் குடுப்பாங்கங்கறதையும் சேத்துச் சொல்லுங்க. மறைச்சு வெச்சுத் தீர்மானம் போட்டீங்கன்னா அடுத்த சபையில அதே ஆளுங்க வந்து ரத்து பண்ணச் சொல்லுவாங்க.

இந்தப் பயத்தைச் சாதாரணமா நெனைக்காதீங்க. கொறங்காட்டுலயும் மேட்டுக் காட்டுலயும் இருக்கிற கல்வட்டங்க, பழங்காலத்து ஈமக்குழிங்க, ஊர்ல பாண்டியன் குழின்னு சொல்றோமே, அதெல்லாம் பெரும்பாலும் பட்டா நிலத்துல இருக்குது. துறை வந்து பாத்தா நிலம் போயிரும்னு பயந்து, ஜேசிபி வெச்சு ஒரே நாள்ல வாரிப் போடறாங்க. கல்லெல்லாம் வேலிக்கு அடியில போயிருது. அந்த ஆளை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்லை. சட்டம் என்ன சொல்லுதுன்னு அவருக்குப் புரியற பேச்சுல யாரும் எடுத்துச் சொல்லலைங்கறதுதான் நெசம்.

இன்னொன்னும் சபையில சொல்லி வைங்க. அஸ்திவாரம் தோண்டறப்ப பானை, காசு, மணி, சிலை எது கெடைச்சாலும் கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்துல தெரியப்படுத்தணும். 1878-ஆம் வருசத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்குது. பத்து ரூவாய்க்கு மேல மதிப்புள்ள எது மண்ணுல கெடைச்சாலும் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு அறிவிக்கணும்னு அதுல இருக்குது. உங்க ஊரு நொய்யல் பக்கம்னா இதை லேசா விடாதீங்க. கொடுமணல் அந்தக் கரையிலதான். பதிற்றுப்பத்துல ‘கொடுமணம்’னு வர்ற ஊரு அதுதான்னு சொல்றாங்க. அங்க இரும்பு உருக்குன உலையும் கல்மணி செஞ்ச பட்டறையும் பானை ஓட்டுல கீறுன தமிழ் பிராமி எழுத்தும் வந்திருக்குது.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. அ-பதிவேடு எடுத்தாச்சு, மேய்ச்சல் புறம்போக்குன்னு இருக்குது. கூடத்தைக் கெழக்கால தள்ளறதுக்கு எடம் இருக்குதுங்க, அது பேசி முடிக்கற விசயம்தான். யாரோட கல்லுங்கறதுதான் தீரலை. ஒருத்தர் சொல்றாரு: “சபையிலயே கை தூக்கச் சொல்லுங்க, எந்தப் பக்கம் கை அதிகமோ அவங்க கல்லு.” இதுக்கு என்ன பதில் சொல்றது?

சாய்வெளிச்சம்:

அந்த வாக்கெடுப்பை எந்தக் காரணம் கொண்டும் நடக்க விடாதீங்க தம்பி. ஒரு கல்லை ஊர் போற்ற வேண்டுமா, எங்கே வைக்க வேண்டும், அதற்கு ஊர்ப் பணம் செலவழிக்கலாமா, இதெல்லாம் கை தூக்கித் தீர்க்க வேண்டியவை. அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, அந்த வீரன் யார் என்பது கை தூக்கித் தீர்கிற கேள்வி அல்ல. இந்த இரண்டையும் பிரித்து வைக்காத சபையில், ஆள் குறைந்த தரப்பு அன்றோடு கல்லை விட்டு விலகிவிடும். அதன்பின் அது ஊர்க்கல்லாக இருக்காது.

ஜல்லிக்கட்டு வழக்கு இதே கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் கூட்டம் கூடியது, சட்டமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் பகுதி என்று சட்டமன்றம் கொண்ட கருத்தில் தலையிட மாட்டோம் என்றது. எது நம் மரபு என்று மக்கள் தேர்ந்தெடுத்த அவை சொல்லலாம் என்பது அங்கே நிலைத்தது. ஆனால் காளைக்குத் துன்பம் நேர்கிறதா இல்லையா என்பதை அவை கை தூக்கித் தீர்க்கவில்லை. அதற்கு விதி, மருத்துவர் பரிசோதனை, களத்தின் அளவு என்று தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. உங்கள் சபையும் அப்படியே இரண்டாகப் பிரித்துக்கொள்ளட்டும்: போற்றுவது சபையின் முடிவு, படிப்பது எழுத்து தெரிந்தவரின் வேலை.

படித்தால் சண்டை தீரும் என்றும் நினைத்துவிடாதீர்கள். கொங்குக் கல்வெட்டுகளில் ‘வெள்ளாளன்’, ‘வேட்டுவரில்’ என்று குலம் குறிக்கும் சொற்கள் வரத்தான் செய்கின்றன. அப்படி உங்கள் கல்லில் வந்தால் மறைக்கக் கூடாது, உள்ளதை உள்ளபடி பலகையில் போட வேண்டும். வட்டெழுத்தாக (தமிழின் பழைய எழுத்து வடிவம்) இருந்தால் அது வழக்கொழிந்தே பல நூற்றாண்டு ஆகிறது. அத்தனை காலத்துக்கு முந்திய ஒரு பெயரிலிருந்து இன்றைய சங்கத்தின் உறுப்பினர் அட்டை வரைக்கும் நேர்கோடு போட முடியாது என்பதையும் அதே சபையில் சொல்ல வேண்டும். எழுத்தில் குலமே இல்லாமல் பெயர் மட்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. அறச்சலூர் நாகமலைக் குகையில் இசை எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வெட்டியவர் தன்னை ‘மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்’ என்று சொல்லிக்கொண்டார். வண்ணக்கன் என்பது மணியும் காசும் நோட்டம் பார்க்கிறவர், தொழிற்பெயர். கரூர்ப் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு, சேரல் இரும்பொறை மரபின் மூன்று தலைமுறையைச் சொல்லி, இளங்கடுங்கோ இளவரசானதை ஒட்டிச் சமணத் துறவிக்கு அறுத்துக் கொடுத்த கல் என்கிறது. இன்றைக்கு அந்த ஊர்களில் யார் இதை “எங்களுடையது” என்று தனியாக உரிமை கோர முடியும்? கேட்கிற எல்லாருக்கும் உரியது.

பலகை எழுதும்போது ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே கல்லின் எழுத்து, வரிக்கு வரி, கல்லில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே. ஐயமான எழுத்து அடைப்புக்குறிக்குள், உடைந்து போனதற்குப் புள்ளிகள். அதன் கீழே இன்றைய தமிழில் பொருள். அதன் கீழே “படித்தவர், படித்த ஆண்டு”. புதைந்த வரி இன்னும் படிக்கப்படவில்லை என்றால் “கீழ்ப்பகுதி மண்ணில் உள்ளது” என்று அதையும் எழுதுங்கள். பெயர்ப் பலகையின் உரிமையாளர் ஊராட்சி மட்டுமே. இரண்டு சங்கத்துக்கும் இடம் கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்று ஒருவர் சொல்வார். கொடுத்தால் அடுத்த ஆண்டு மூன்றாவது சங்கம் வரும், பலகையின் அளவு கல்லை மீறும்.

தேதி போடுவதிலும் கவனம் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31. ஆனால் ஓடாநிலையில் எல்லாக் கட்சியும் மாலை போடுவது ஆடி 18-ல், அது இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வருகிறது. எது சரி என்று மேடையில் சண்டையே போடுவார்கள். இரண்டும் ஒரே நாள்தான். நம் பஞ்சாங்க ஆண்டு ஆங்கில ஆண்டை விடச் சுமார் 20 நிமிடம் நீளம், 220 ஆண்டில் அது மூன்று நாள் ஆகிவிடும். 1805-ல் ஆடி 18 ஜூலை 31-ல்தான் விழுந்தது. கணக்குத் தெரிந்த ஒருவர் சபையில் இருந்தால் இப்படிப்பட்ட சண்டைகள் பத்து நிமிடத்தில் அடங்கும். ஆகவே எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒரு தமிழாசிரியரையோ கல்வெட்டு ஆய்வாளரையோ சபைக்கு முன்பே அழைத்து, எல்லாத் தரப்பும் கூடியிருக்கும்போது, கல்லின் முன்னாலேயே வாசிக்கச் சொல்லுங்கள். தனியாக ஒரு வீட்டில் வைத்து வாசித்தால் அந்த வாசிப்பு அந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடும்.

இட்டேரி:

நிதி பற்றி ஒன்று. வேலி போடவும் பலகை வைக்கவும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியையோ எம்.பி. நிதியையோ கேட்போம் என்று யாராவது முன்வருவார்கள். தப்பில்லை, அது மக்கள் பணம்தான். ஆனால் எம்.பி. நிதிப் பணியில் நிதியின் பெயரும் உறுப்பினர் பெயரும் போட்ட பலகை வைப்பது விதி. அந்தப் பலகையை வேலி வாசலில், கல்லிலிருந்து தள்ளி வைக்கும்படி மதிப்பீட்டு வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். பணி முடிந்த பிறகு “அங்கே வைக்காதீர்கள்” என்று சொன்னால் அது ஆளை எதிர்ப்பதாக ஆகிவிடும், முன்கூட்டியே வரைபடத்தில் இருந்தால் வெறும் அளவு. காங்கிரீட் கூரை கேட்காதீர்கள். கூரை வந்தால் கிரில் வரும், கிரில் வந்தால் பூட்டு வரும், சாவி ஒரு வீட்டில் இருக்கும்.

கூடத்தின் மதிப்பீடும் வரைபடமும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை. “ஏன் அங்கே கட்டுகிறீர்கள்” என்று கேட்டால் பதில் வராது. “நிர்வாக அனுமதி ஆணை நகல், இட வரைபட நகல், மதிப்பீட்டு நகல்” என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. உங்களுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது, ஆகவே இன்றைக்கே தபாலில் சேருங்கள்.

நொய்யல்கரை:

மனு எழுதிட்டேங்க, நாளைக்குக் காலையில அனுப்பறேன். வாசிக்கிறதுக்குப் பக்கத்து ஊர்ல ஓய்வு பெற்ற தமிழய்யா ஒருத்தர் வட்டெழுத்துப் படிப்பாருங்க, கேட்டிருக்குது. ரெண்டு தரப்புலயும் பெரியவங்க வர்றதா சொல்லிட்டாங்க. கடைசியா ஒண்ணு. பொங்கல் வெக்கிற பொம்பளைங்க கேக்கறாங்க: எண்ணெய், மஞ்சள், விளக்கு எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லீருவீங்களான்னு.

மைப்படி:

நிறுத்தச் சொல்லாதீங்க. இத்தனை நாளும் அந்தக் கல் நிற்பது அவங்க கும்பிட்டதால்தான். கும்பிடாத நடுகல் எத்தனையோ துணி துவைக்கிற கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போய்விட்டது. எண்ணெயும் விளக்குப் புகையும் சேர்ந்தால் எழுத்துக்குள் கருப்பாகப் படை கட்டும், பிறகு அதை எடுக்க முடியாது. அதை மட்டும் சொல்லுங்க. கல்லுக்கு முன்னால் இரண்டடி தள்ளி ஒரு பலகைக்கல் போட்டு விளக்கையும் எண்ணெயையும் அதில் வைக்கட்டும். மஞ்சள் குங்குமம் வீரனின் நெற்றியோடு இருக்கட்டும், எழுத்து வரிக்கு இறங்க வேண்டாம். எனாமல் பெயின்ட் மட்டும் யார் கேட்டாலும் கூடாது. அது கல் உள்ளே இழுத்த ஈரத்தை வெளியே விடாது, உப்புப் பூத்து மேல் தோல் பாளம் பாளமாக உரியும், எழுத்தும் அதோடு போகும். அடியைச் சுற்றிச் சிமென்ட் திண்ணை போட்டாலும் இதே கதைதான், தண்ணீர் தேங்கி வேரில் ஈரம் நிற்கும். மழைத் தண்ணீர் கல்லை விட்டு ஓடுகிற மாதிரி வாட்டம் விட்டு, மேலே இரண்டு அங்குலம் சரளை போட்டால் போதும். சரளை போடும்போது மண்மட்டம் உயர்ந்து, இப்போது தெரிகிற இரண்டு வரியும் மூடிவிடாமல் பார்த்துக்கோங்க.